அலுமினியத்துல சிலிக்கான் கார்பைடு கலக்கும்போது சூட்டை கவனிங்க

ஸ்டிர் காஸ்டிங், அதாவது உருகின அலுமினியத்துல துகளைப் போட்டு கலக்கி அச்சுல ஊத்தறது, பண்றவங்க முதல்ல சிலிக்கான் கார்பைடு பவுடரை நல்லா சூடாக்கி ஈரத்தை எடுத்துடுங்க, இல்லன்னா வார்ப்பு முழுக்க ஓட்டைதான். அதையே 1000 டிகிரிக்கு மேல காத்துல கொஞ்ச நேரம் வச்சா துகள் மேல மெல்லிசா சிலிக்கா படலம் வரும், உலோகம் நல்லா ஒட்டும். உருகின அலுமினியத்துல 1% மெக்னீசியம் சேர்த்தாலும் ஒட்டும்.

இப்ப முக்கியமான விஷயம், உருகின அலுமினியத்தோட சூடு. சூடு கம்மியா இருந்தா துகள் உள்ள போகாம மேலயே மிதக்குது, அதுக்குன்னு கண்டபடி ஏத்திட்டு ரொம்ப நேரம் வச்சா அலுமினியம் கார்பைடு உருவாகும், அது சட்டுனு உடையும், ஈரம் பட்டா அரிச்சும் போயிடும். அதனால சுத்த அலுமினியத்தை விட, சிலிக்கான் 7% வாக்குல இருக்கற ஏ356 மாதிரி அலாய் எடுங்க, அந்த ரியாக்‌ஷன் அடங்கும். என்னைக் கேட்டா இதுல கஞ்சத்தனமே வேணாம்.

கலக்கறப்ப சுழல் வேணும்தான், ஆனா வேகம் ஓவரானா காத்தையும் உள்ள இழுத்துடும். பவுடரை கொஞ்சம் கொஞ்சமா போடுங்க, ரொம்ப நைசான பவுடர்னா கட்டி கட்டியா சேர்ந்துக்கும். கலக்கினதும் உடனே ஊத்திடுங்க, சிலிக்கான் கார்பைடு அலுமினியத்தை விட கனம், நிறுத்தினா அடியில தங்கிடும். அச்சு இரும்புல இருந்தா சீக்கிரம் உறையும், துகளும் ஓரளவு சமமா நிக்கும்.