1-ஐ அழுத்தவும், 2-ஐ அழுத்தவும்

வெளிநாட்டுக்கு வந்த புதிதில் வங்கிக்கோ மின்சார நிறுவனத்துக்கோ போன் செய்தால், பதிவு செய்த குரல் ஒன்றுதான் முதலில் எடுக்கும். பில் கட்ட 1, புகாருக்கு 2 என்று மளமளவென ஒப்பிக்கும். நாம் இரண்டாவதைப் புரிந்துகொள்வதற்குள் அது ஐந்தாவதில் இருக்கும். பதறவேண்டாம், பெரும்பாலும் மறுபடி முதலிலிருந்து சொல்லும்.

ஒருமுறை கணக்கு எண்ணைத் தட்டியதும் 'பவுண்ட்' அழுத்தச் சொன்னது. நான் போனில் காசுக் குறியைத் தேடிக்கொண்டிருந்தேன், லைன் கட்டாகிவிட்டது! அமெரிக்காவிலும் கனடாவிலும் # பொத்தானுக்கு அதுதான் பெயர். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் 'ஹாஷ்' என்பார்கள். எண்ணைத் தட்டி முடித்துவிட்டேன் என்று சொல்லத்தான் பெரும்பாலும் அதைக் கேட்பார்கள்.

கூப்பிடும்போதே ஸ்பீக்கரைப் போட்டு, திரையில் எண்பலகையைத் திறந்துவைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பொத்தானும் இரண்டு ஒலிகளைச் சேர்த்து அனுப்புகிறது. 5 என்றால் 770, 1336 ஹெர்ட்ஸ். மறுமுனையில் இருக்கும் கணினிக்கு அது போதும். பொத்தானை மட்டும் அழுத்திக்கொண்டிருந்தால் நம் உச்சரிப்பைப் பற்றி யாருக்கும் கவலையில்லை.

வாயால் சொல்லச் சொல்லும் இயந்திரங்கள்தான் தொல்லை. அதற்கு முழுக்கதையையும் சொல்லாதீர்கள். 'பில்லிங்', 'ரிப்பேர்' என ஓரிரு சொல் போதும். அந்த ஊர்க்காரர் போலப் பேச முயன்றால் இன்னும் குழம்பும் என்பது என் அனுபவம். இரண்டு மூன்று முறை புரியாவிட்டால் பல இடங்களில் ஆளிடம் மாற்றிவிடும். சில இடங்களில் 0 அழுத்தினாலும் ஆள் வருவார்.

அலுவலகங்களில் இன்னொன்று உண்டு: பேசவேண்டியவரின் 'லாஸ்ட் நேம்' (குடும்பப் பெயர்) எழுத்துகளைத் தட்டச் சொல்லும். 2-இல் A, B, C; 7-இல் P, Q, R, S. நம்மவர்களை அவரவர் பெயரில் தேடினால் அகப்படமாட்டார்கள், ஏனென்றால் பலர் அப்பா பெயரில் பதிவாகியிருப்பார்கள்.

ஆள் கிடைத்ததும், தயங்காமல் 'தமிழ் இன்டர்பிரெட்டர்' (பேசுவதை மொழிபெயர்ப்பவர்) கேளுங்கள். பல நாடுகளில் அரசு அலுவலகங்களும் மருத்துவமனைகளும் போனிலேயே இலவசமாக ஏற்பாடு செய்வார்கள்.

சரி, இதே குரல் உங்களைக் கூப்பிட்டு, கணக்கு முடக்கப்பட்டது, 1-ஐ அழுத்து என்றால்? எதையும் அழுத்தாமல் போனை வையுங்கள். வங்கி அட்டையின் பின்புறத்தில் இருக்கும் எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள்.