தொடக்கநிலையினருக்கு நிரலாக்கம் கற்பிக்கப் போகிறவர்களைப் பயிற்றுவிக்கும் முறை

பல ஆண்டுகளாக நிரல் எழுதிப் பழகியவருக்கு, புதியவர் எந்த இடத்தில் தடுமாறுவார் என்பது எளிதில் புலப்படாது. ஆகவே பயிற்சியின் முதல் மணி நேரத்தை விரிவுரைக்குச் செலவிட வேண்டாம். ஒரு கோப்பைத் திறந்து அதிலுள்ள எண்களைக் கூட்டும் சிறிய நிரலைப் பைத்தான் என்னும் நிரல்மொழியில் கொடுத்து, அதைப் புரிந்துகொள்ள ஒருவர் முன்னரே அறிந்திருக்க வேண்டியவை அனைத்தையும் பயிற்சிக்கு வந்திருக்கும் பயிற்றுநர்களை எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலோர் மாறி (மதிப்பைச் சேமிக்கும் பெயர்), மடக்கு (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) என நான்கைந்து சொற்களோடு நிறுத்திவிடுவார்கள். மேற்கோள்குறி எதற்கு, வரியின் தொடக்கத்தில் இடம் விடுவது ஏன், கணினி அந்தக் கோப்பை எந்த உறையில் (folder) தேடுகிறது என்பவற்றைக் குழுவாகப் பேசும்போதுதான் ஒவ்வொன்றாகச் சேர்ப்பார்கள்.

அடுத்து, பல விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வகைக் கேள்வி தயாரிக்கும் பயிற்சி. அதிக நேரம் ஒதுக்க வேண்டியது இதற்குத்தான். நல்ல கேள்வியில் ஒவ்வொரு தவறான விடையும் ஒரு குறிப்பிட்ட தவறான புரிதலைக் காட்டிக்கொடுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக இந்த மூன்று வரிகளைப் பாருங்கள் (பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களையும் ஏற்கும்):

விலை = 50
தொகை = விலை * 3
விலை = 60

இப்போது தொகையின் மதிப்பு என்ன? சரியான விடை 150; இரண்டாம் வரி ஓடும்போது விலை 50தான். ஆனால் 180 என்பவர், எக்செல் தாளில் நடப்பதுபோல விலை மாறினால் தொகையும் தானே மாறும் என்று எண்ணுகிறார். பிழைச்செய்தி வரும் என்பவரோ சமக்குறியைக் கணிதச் சமன்பாடாக வாசிக்கிறார். இருவருக்கும் தர வேண்டிய விளக்கம் வேறு வேறு. 17 போன்ற பொருளற்ற எண்ணை விடைகளில் ஒன்றாகச் சேர்த்தால், அதைத் தேர்ந்தெடுத்தவரைப் பற்றி ஆசிரியருக்கு ஒன்றும் தெரியவராது.

ஹார்வர்டில் இயற்பியல் கற்பிக்கும் எரிக் மஸூர் 1990களில் பரப்பிய முறையை இதனுடன் இணையுங்கள்: முதலில் தனித்தனியே விடை, பிறகு பக்கத்தில் இருப்பவருடன் விவாதம், மீண்டும் விடை. ஏறத்தாழ எல்லோரும் சரியாகச் சொல்லிவிட்டால் விவாதம் தேவையில்லை. மிகச் சிலரே சொன்னால் பாடத்தையே மீண்டும் விளக்க வேண்டும்.

தீர்த்துக் காட்டிய எடுத்துக்காட்டுகளைப் படிப்பது, தொடக்கத்திலேயே தாமாகக் கணக்குகளோடு போராடுவதைவிடப் புதியவர்களுக்குப் பயன் தருகிறது என்பதை ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985இல் இயற்கணிதத்தில் காட்டினார்கள். தேர்ந்தவர்களுக்கு இந்தப் பயன் குறைகிறது, சில வேளைகளில் எதிராகவும் திரும்புகிறது. பயிற்றுநர்களுக்கு இம்முறை சலிப்பூட்டுவதன் காரணமும் இதுவே என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். நிரலின் வரிகளைக் கலைத்துக் கொடுத்து, சரியான வரிசையில் அடுக்கச் சொல்லும் பயிற்சி, எடுத்துக்காட்டுக்கும் தானே எழுதுவதற்கும் இடைப்பட்ட நல்ல படி.

காட்சிவழிக் கற்பவர், செவிவழிக் கற்பவர் என்று மாணவர்களைப் பிரிக்கும் அமர்வு உங்கள் நிகழ்ச்சிநிரலில் இருந்தால் நீக்கிவிடுங்கள். அப்படிப் பிரித்துக் கற்பிப்பதால் பயன் உண்டு என்பதற்குப் போதிய சான்றில்லை என 2008இல் நான்கு உளவியலாளர்கள் எழுதிய ஆய்வுரை தெளிவாக்கிவிட்டது.

ஆய்வாளர்களுக்கு நிரலாக்கம் கற்பிக்கும் திட்டமாக 1998இல் தொடங்கிய சாப்ட்வேர் கார்ப்பென்ட்ரியின் வகுப்புகளில், ஆசிரியர் முன்கூட்டியே எழுதிய நிரலைத் திரையில் காட்டாமல், மாணவர் பார்க்கும்படி வரிவரியாகத் தட்டச்சு செய்வார். இதனால் வேகம் தானே மட்டுப்படும்; ஆசிரியர் செய்யும் பிழையும் அதைத் திருத்தும் விதமும் கண்முன் தெரியும். மடிக்கணினியின் மேல் மாணவர் ஒட்டும் இரு நிற ஒட்டுத்தாள்களில் ஒன்று "முடித்துவிட்டேன்" என்றும் மற்றொன்று "உதவி வேண்டும்" என்றும் பொருள்படும்; கூச்சப்படுபவர் கை உயர்த்த வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம் கேட்டதோடு விடாமல் செய்துபார்க்க வைக்க வேண்டும். பயிற்றுநர்களை மூவராகப் பிரித்து, ஒவ்வொருவரும் மூன்று நிமிடம் கற்பிப்பதைக் கைபேசியில் பதிவுசெய்யச் சொல்லுங்கள். பார்ப்பவர்கள் பாடப்பொருள், வழங்கிய விதம் இரண்டிலும் நிறை ஒன்றும் குறை ஒன்றும் எழுத வேண்டும். கற்பித்தவரும் தன் பதிவைப் பார்த்துத் தனக்கே எழுத வேண்டும். "இது ரொம்ப ஈஸி" என்ற சொல் எத்தனை முறை வந்தது என்பதையும் எண்ணச் சொல்லுங்கள், ஏனெனில் புரியாமல் உட்கார்ந்திருப்பவர் அதைத் தன் திறமையின்மைக்குச் சான்றாகவே எடுத்துக்கொள்வார். பிறகு அதே பாடத்தை அன்றே இன்னொரு முறை நடத்த வையுங்கள்.