ரேடியோ ரேக்: முன்பக்கம் மட்டும் பார்த்து அடிக்காதீர்கள்

ஹாம் ரேடியோவுக்கு, அதாவது உரிமம் பெற்ற ஆர்வலர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ரேடியோ செட்டுக்கு, ரேக் அடிக்கும்போது டிஸ்ப்ளே கண்ணுக்கு நேராக இருக்கிறதா, நாப் கைக்கு எட்டுகிறதா என்றுதான் பலரும் பார்க்கிறார்கள். கோளாறு வருவதெல்லாம் பின்பக்கத்தில். செட்டின் ஆழம் 30 செ.மீ. என்று அளந்து அதே அளவில் பலகை போட்டால், கோஆக்ஸ் என்ற ஆன்டெனா கேபிளைச் செருகியதும் செட் முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். கேபிள் முனையிலுள்ள பிஎல்-259 கனெக்டருக்கும், ஆர்ஜி-213 என்ற தடித்த கோஆக்ஸ் நசுங்காமல் வளைவதற்கும் பின்னால் 12 செ.மீ. வேண்டும். ஆழம் 45 செ.மீ. என்று ஆச்சாரியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மேலே 5 செ.மீ. காலி விடாவிட்டால் ஃபேன் சூடான காற்றையே சுற்றிச் சுற்றி இழுக்கும்.

விலை குறைவு என்று பார்ட்டிகிள் போர்டு வாங்குவது அடுத்த தவறு. கடலூர் தேவனாம்பட்டினம், புதுச்சேரி முத்தியால்பேட்டை மாதிரி கடலையொட்டிய பகுதிகளில் ஐப்பசி, கார்த்திகை ஈரத்துக்கே அது ஊதி, ஸ்க்ரூ பிடிப்பு விட்டுவிடும். ஐஎஸ் 710 முத்திரையுள்ள 18 மி.மீ. மரைன் பிளைவுட் போடுங்கள். வெட்டிய ஓரங்களுக்கும் பெயின்ட் அடியுங்கள், தண்ணீர் குடிப்பது அங்கேதான். தாங்கல்களுக்கு நடுவே 3 அடிக்கு மேல் விடாதீர்கள். அதே எடைக்கு 4 அடிப் பலகை இரண்டு மடங்குக்கு மேல் தொய்யும். நீளம் குறைக்க வழியில்லையென்றால் முன் ஓரத்தில் 40 மி.மீ. உயர ரீப்பர் (மரச்சட்டம்) ஒன்றைச் செங்குத்தாக ஒட்டி ஸ்க்ரூ போடுங்கள்.

சுவரில் பிராக்கெட் அடிப்பவர்கள் பூச்சைச் சுவர் என்று நினைத்துவிடுகிறார்கள். பூச்சே 12 முதல் 15 மி.மீ. இருக்கும், ஸ்க்ரூ பிடிக்கச் சுவரில் செருகும் ஒரு அங்குல பிளக்கில் ஏறக்குறைய பாதி அதிலேயே போய்விடும். செங்கலுக்குள் 50 மி.மீ. இறங்கும் ஆங்கர் போல்ட் வேண்டும். ஆனால் புதுச்சேரியின் பழைய சுண்ணாம்புக் காரை வீடுகளில் ஆங்கர் விரியும்போது காரை உதிரும், செங்கல் பிளக்கும். அங்கே தரையில் நிற்கும் ஸ்லாட்டட் ஆங்கிள் (துளைகள் போட்ட இரும்புச் சட்டம்) ரேக்தான் சரி. கனம் எப்போதும் கீழ்த்தட்டில்: டிரான்ஸ்ஃபார்மர் வைத்த 20 ஆம்பியர் பவர் சப்ளை 8 கிலோவுக்குக் குறையாது.

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரையைக் கடந்தபின் கடலூரில் பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அதனால் பேட்டரி வைப்பது நல்ல யோசனைதான். செட்டுக்கு நேர் கீழே வைப்பதுதான் தப்பு. 150 ஏஹெச் டியூபுலர் பேட்டரி 50 கிலோவைத் தாண்டும். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜனும் ஆசிட் ஆவியும் வெளியேறும். உப்புக் காற்றோடு அதுவும் சேர்ந்தால் கனெக்டர்கள் பச்சை பூத்துவிடும். காற்றோட்டமான இடத்தில் தரையில் வையுங்கள். பாசிட்டிவ் முனையையொட்டியே ஃபியூஸ் போடுங்கள். தூரம் கூடினால் வயர் தடிமனும் கூட வேண்டும். 100 வாட் செட் டிரான்ஸ்மிட்டில், அதாவது நீங்கள் பேசும்போது, 20 ஆம்பியர் வரை இழுக்கும். 2 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மி.மீ. செம்பு வயர் போட்டால் போக வர ஏறக்குறைய 1 வோல்ட் காணாமல் போகும். 6 சதுர மி.மீ. வயரில் கால் வோல்ட்தான். பேசும்போது மட்டும் செட் அணைந்து அணைந்து வந்தால், செட்டைத் திறக்குமுன் வயரைப் பாருங்கள்.

எர்த்தை ஒரு செட்டிலிருந்து அடுத்ததற்கு என்று சங்கிலியாகக் கொடுக்கக் கூடாது. ரேக்கின் பின்னால் ஒரு செம்புப் பட்டையைப் பொருத்தி, ஒவ்வொரு கருவிக்கும் தனி இணைப்பு கொடுங்கள். ரேடியோவுக்கென்று தனியாக எர்த் ராடு அடித்து, அதை வீட்டு எர்த்தோடு சேர்க்காமல் விடுவது இன்னும் ஆபத்து. பக்கத்தில் இடி விழுந்தால் இரண்டு எர்த்துக்கும் இடையிலான மின்னழுத்த வேறுபாட்டால் கரண்ட் உங்கள் செட் வழியாகத்தான் பாயும்.

ஜன்னலில் நுழையுமுன் கேபிளை ஒரு முறை கீழே தொங்கவிட்டு மேலேற்றுங்கள், மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். இடி மழைக்கு முன்பே கோஆக்ஸைக் கழற்றுபவர்கள் உண்டு. ஆனால் கழற்றிய முனையை ரேக்குக்குப் பின்னாலேயே போட்டுவைத்தால் மின்னல் வீட்டுக்குள் வந்துதான் தாவும். கழற்றும் இடம் ஜன்னலுக்கு வெளியே, எர்த் செய்த உலோகத் தகட்டில் இருக்க வேண்டும்.