வால்வைத் திறங்கள், ஹெர்ட்ஸை இறக்குங்கள்

ஏசி பிளான்ட்டில் சூடான தண்ணீரை ஆறவைக்கும் கூலிங் டவருக்கான பம்ப்பின் டிஸ்சார்ஜ் வால்வு (தண்ணீர் வெளியேறும் பக்க வால்வு) பாதி மூடியபடி விஎஃப்டி (மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவி) 50 ஹெர்ட்ஸில் ஓடினால், வால்வை முழுதாகத் திறந்து ஹெர்ட்ஸை இறக்குங்கள். இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாக, மாற்றி மாற்றி. ஒரேயடியாகத் திறந்தால் மோட்டாரின் ஆம்பியர் எகிறும். சில்லரின் (ஏசிக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) வெப்பத்தை டவர் தண்ணீருக்குக் கொடுக்கும் கண்டென்சரின் இன், அவுட் பிரஷர் கேஜ்களுக்கிடையே முன்பிருந்த அதே வித்தியாசம் வந்ததும் நிறுத்திவிடலாம். தண்ணீர் அதே அளவுதான் போகிறது, கரண்ட் மட்டும் குறைந்திருக்கும்.

பாதி மூடிய வால்வு என்பது காசு கொடுத்து வாங்கிய அழுத்தத்தை அங்கேயே வீணடிப்பது. பம்ப்பின் பவர் வேகத்தின் மும்மடிப்படி (வேகம் × வேகம் × வேகம்) மாறும். 50 ஹெர்ட்ஸை 45 ஆக்கினால் கணக்குப்படி சுமார் 27 சதவீதம் மிச்சம். டவர் உச்சிக்குத் தண்ணீரை ஏற்றும் உயரம் மாறாது என்பதால், நிஜத்தில் அதைவிடச் சற்றுக் குறைவாகவே கிடைக்கும்.

சில்லரை நிறுத்திவிட்டு டவர் தண்ணீராலேயே குளிரூட்டும் ‘ஃப்ரீ கூலிங்’ குளிர்நாட்டுக்காரர்களுக்குத்தான். சிங்கப்பூரில் ராத்திரியிலும் வெட் பல்ப் (ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டும் வெப்பநிலை) 25 டிகிரியை ஒட்டியே நிற்கும். டவர் தண்ணீர் அதற்குக் கீழே போகாது. ஏசிக்கு நமக்கு வேண்டியதோ 7 டிகிரி தண்ணீர். இங்கே மிச்சம் பம்ப்பிலும் ஃபேனிலும்தான்.

பல பம்ப்கள் இணையாக ஓடும் இடத்தில் ஒன்றை மட்டும் இறக்காதீர்கள். மற்றவற்றின் அழுத்தம் அதன் செக் வால்வை (தண்ணீர் பின்னோக்கி வராமல் தடுக்கும் வால்வு) மூடிவிடும். சில்லருக்குச் சொல்லப்பட்ட குறைந்தபட்ச ஃப்ளோவுக்குக் கீழேயும், டவர் நாசில்களில் தண்ணீர் சரியாகப் பரவாத அளவுக்கும் போகவே கூடாது.