6 இலக்க கோடு தப்புன்னே வந்துச்சு, சரி பண்ணின விதம்

பைத்தான்ங்கற ப்ரோக்ராமிங் மொழிக்கான ஆன்லைன் வொர்க்‌ஷாப்புக்கு முந்தின நாள் ராத்திரி எல்லாத்தையும் ரெடி பண்ணிடலாம்னு உக்காந்தேன். பைத்தான் இன்ஸ்டால் ஈஸியா முடிஞ்சிடுச்சு, சிக்கல் அக்கவுன்ட்ல லாகின் பண்றதுல தான். பாஸ்வேர்டு சரி, ஆனா அதுக்கப்புறம் ரெண்டாவது சரிபார்ப்புக்கு கேக்கற, ஃபோன் ஆப்ல வர்ற 6 இலக்க கோடு போட்டா தப்பு தப்புன்னே வருது, ஆப்ப அழிச்சிட்டு திரும்ப போடலாமான்னு கூட நினைச்சேன், நல்லவேளை செய்யல, செஞ்சிருந்தா உள்ள போற வழியே அடைஞ்சிருக்கும்.

அப்புறம் தான் புரிஞ்சது, அந்த கோடு நெட்ல இருந்து வர்றதில்ல, ஒரு ரகசிய சாவியையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்து ஃபோனே கணக்கு போடுது, பொதுவா 30 செகண்டுக்கு ஒரு தடவ மாறும். என் ஃபோன் கடிகாரம் 4 நிமிஷம் பின்னாடி ஓடிட்டு இருந்துச்சு, அதான் சரியான நேரத்த வச்சு சைட் போடற கணக்கோட என் கோடு பொருந்தல! எப்பவோ ஆட்டோமேட்டிக் டைம ஆஃப் பண்ணிருக்கேன். செட்டிங்ஸ்ல போய் ஆன் பண்ணதும் அடுத்த கோடு முதல் தடவையே ஏத்துக்கிச்சு, எவ்வளவு நிம்மதி தெரியுமா.

உள்ள போன கையோட ரெக்கவரி கோடுகள (ஆப் இல்லாமயே உள்ள போக உதவுற மாற்று கோடுகள) பேப்பர்ல எழுதி வச்சேன், ஃபோன் தொலைஞ்சா அதுதான் கை குடுக்கும், நீங்களும் தயவுசெஞ்சு செய்ங்க. மைக், ஸ்க்ரீன் ஷேர் பெர்மிஷனையும் முன்னாடியே ஒரு டெஸ்ட் கால்ல பாத்துடுங்க, சில கம்ப்யூட்டர்ல பெர்மிஷன் குடுத்தப்புறம் ஆப்ப மூடி திறந்தா தான் வேலை செய்யும்.