எச்.சி.எல். வாயு: குடுவைக்குள் தண்ணீர் ஏறவிடாதீர்கள்

ஹைட்ரஜன் குளோரைடு தயாரிக்க முதல்முறை வருகிறவர்கள் கண்ணாடியும் கையுறையும் மறப்பதில்லை. புகையை வெளியே இழுக்கும் ஃப்யூம் ஹூடையும் ஓடவிட்டுத்தான் தொடங்குகிறார்கள். கெடுவது குழாயின் கடைசி முனையில்.

வாயுவைத் தண்ணீரில் கரைக்கும்போது

உப்பின்மேல் அடர் கந்தக அமிலம் விட்டு, இளஞ்சூடு காட்டி, வாயுவைப் பீக்கர் தண்ணீருக்குள் விடுவார்கள். குமிழி வரும்வரை கவலை இல்லை. விளக்கை எடுத்ததும் குமிழி நிற்கும். போக்குக் குழாயில் தண்ணீர் ஒரு விரற்கடை ஏறும், தயங்கும், இன்னொரு விரற்கடை ஏறும். வளைவைத் தாண்டினால் ஒரே பாய்ச்சல்தான். சூடான அடர் அமிலத்தில் விழுந்த தண்ணீர் அங்கேயே கொதித்து அமிலத்தை வாரி இறைக்கும். குடுவையே வெடிக்கலாம்.

அறை வெப்பத்தில் 1 மி.லி. தண்ணீர் 400 மி.லி.க்கும் மேல் இந்த வாயுவைக் கரைத்துக்கொள்ளும். அரை லிட்டர் குடுவையைக் காலி செய்ய இரண்டு மி.லி. போதும். மீதித் தண்ணீரை வெளிக்காற்று உள்ளே தள்ளிவிடுகிறது.

“குழாய் முனையில் கவிழ்த்த புனல் வைத்திருக்கிறோமே” என்பார்கள். போய்ப் பார்த்தால் புனல் மூன்று செ.மீ. ஆழத்தில் மூழ்கிக் கிடக்கும். எத்தனை முறை சொன்னாலும் இதே காட்சி, எரிச்சலாக வருகிறது. புனலின் விளிம்பு நீர்ப்பரப்பை ஒன்றிரண்டு மி.மீ. தொட்டால் போதும். தண்ணீர் புனலுக்குள் ஏற ஏற பீக்கரில் மட்டம் இறங்கும். விளிம்பு வெளியே தெரியும். காற்று புகுந்து, ஏறிய தண்ணீர் திரும்ப விழும். அகலத் தொட்டியில் மட்டம் இறங்கவே இறங்காது, புனல் வைத்தும் பயனில்லை. புனலைவிடச் சற்றே அகலமான பீக்கர் எடுங்கள்.

குடுவைக்கும் பீக்கருக்கும் நடுவே ஒரு வெறும் பாட்டில் வையுங்கள். பீக்கரில் இருக்கும் தண்ணீர் முழுவதும் அதில் அடங்க வேண்டும். குடுவையிலிருந்து வரும் குழாய் அதன் மூடியை ஒட்டியே முடியட்டும். விளக்கை அணைக்கும் முன் புனலைத் தண்ணீரிலிருந்து தூக்கிவிடுங்கள்.

திசில் புனல்

குடுவைக்குள் அமிலம் விடும் நீண்ட தண்டுப் புனல் இது. தண்டின் முனை அமிலத்துக்குள் ஒரு செ.மீ. மூழ்கியிருக்கட்டும். மூழ்காவிட்டால் வாயு அதன் வழியே அறைக்குள் வரும். குடுவையில் அழுத்தம் குறைந்தால் காற்று இதே வழியில் உள்ளே நுழைந்து காப்பாற்றும். திருகுக் குழாயை மூடி வைத்த சொட்டுப் புனலில் அந்த வசதி கிடையாது.

உப்பும் சூடும்

பொடி உப்பு நுரைத்துப் பொங்கும்; பரல் உப்பே நல்லது. 10 கிராம் உப்புக்கு 15 மி.லி. அடர் அமிலத்தைச் சிறிது சிறிதாக விட்டால் சுமார் 4 லிட்டர் வாயு வரும். வேகம் வேண்டும் என்று 200 டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள். வினையில் உண்டாகும் சோடியம் பைசல்பேட்டை மீதி உப்போடு வினைபுரிய வைக்க 500 டிகிரிக்கு மேல் வேண்டும். அதைச் சாதாரணக் கண்ணாடி தாங்காது.

உலர்த்த

சுட்ட சுண்ணாம்பு வேண்டாம், வாயுவையே தின்றுவிடும். அடர் கந்தக அமிலம் போதும்.

ஜாடி

வாயு காற்றைவிடக் கனம். குழாய் அடிவரை இறங்கட்டும். அம்மோனியாவில் நனைத்த கண்ணாடிக் கோலை ஜாடியின் வாயருகே காட்டுங்கள். வெண்புகை எழுந்தால் ஜாடி நிறைந்துவிட்டது.

உலர்ந்த லிட்மஸ்

உலர்ந்த வாயுவில் நிறம் மாறாது. தாளை நனையுங்கள்.

கழுவும்போது

குடுவை முழுதாக ஆறட்டும். மிஞ்சிய அமிலத்தை நிறையக் குளிர்ந்த தண்ணீரில் மெதுவாக ஊற்றுங்கள். குடுவைக்குள் தண்ணீர் விடாதீர்கள். அமிலம் வடிந்த பிறகே அடியில் உறைந்த கட்டியை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைக்கலாம்.