பாஸ் மீன்: இனம் பிரிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாஸ் என்பது வட அமெரிக்காவில் தூண்டில்காரர்கள் விரும்பிப் பிடிக்கும் நன்னீர் மீன்; அதில் பல இனங்கள் உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தின் பொது விதிப்படி லார்ஜ்மவுத் பாஸ் என்ற இனம் 14 அங்குலமாவது இருந்தால்தான் எடுத்துச் செல்லலாம். ஸ்பாட்டட் பாஸ் என்ற இன்னொரு இனத்துக்கு அப்படிக் குறைந்தபட்ச நீளம் எதுவும் இல்லை. 12 அங்குல மீனைக் கொண்டுபோகலாமா, தண்ணீரிலேயே விட வேண்டுமா என்பது அது எந்த இனம் என்பதைப் பொறுத்தது. இரண்டும் பச்சை, இரண்டுக்கும் விலாவில் கரும்பட்டை. தூண்டில்காரர்கள் தடுமாறுவது இங்கேதான்.

நிறத்தை வைத்து முடிவுகட்டுவதுதான் மிகப் பரவலான தவறு. கலங்கல் நீரில் வாழும் மீன் வெளிறிக் கிடக்கும். தெளிந்த நீரில் அதே இனம் அடர்ந்த நிறத்தில் இருக்கும். மற்றொரு பாஸ் இனமான ஸ்மால்மவுத் என்றால் செம்பழுப்பு உடலும் செங்குத்துப் பட்டைகளும் என்று மனப்பாடம் செய்து வைத்திருப்பவர், பட்டைகள் மங்கிய மீன் சிக்கும் நாளில் திணறிப்போவார். நிறம் சந்தேகத்தை எழுப்பலாம். தீர்ப்புச் சொல்ல அது போதாது.

வாயின் அளவைப் பார்ப்பவர்களும் பாதி பேர் தவறாகவே பார்க்கிறார்கள். கீழ்த்தாடையைப் பிடித்துத் தூக்கும்போது மீனின் வாய் அகலத் திறந்திருக்கும். அந்த நிலையில் எல்லா பாஸுக்கும் வாய் பெரிதுதான். வாயை மூடிவிட்டுப் பார்க்க வேண்டும். வளர்ந்த லார்ஜ்மவுத்தில் மேல்தாடையின் முனை கண்ணின் பின்விளிம்பைத் தாண்டி நிற்கும். ஸ்மால்மவுத்திலும் ஸ்பாட்டட்டிலும் தாண்டாது. குட்டி லார்ஜ்மவுத்தில் தாடை அவ்வளவு தூரம் எட்டாது என்பதால், சிறிய மீனில் இந்த அடையாளம் காலை வாரிவிடும்.

அப்போது முதுகுத் துடுப்பை விரித்துப் பாருங்கள். முன்பாதி முள்துடுப்பு, பின்பாதி மென்துடுப்பு. லார்ஜ்மவுத்தில் இரண்டுக்கும் நடுவே ஆழமான பள்ளம் விழுந்து, இரண்டு தனித்துடுப்புகள் போலவே தோன்றும். மற்ற இரண்டிலும் அவை நன்றாக இணைந்திருக்கும். கன்னத்துச் செதில்களும் உதவும்: ஸ்பாட்டட்டில் அவை உடல் செதில்களைவிடத் தெளிவாகச் சிறியவை. அதன் பக்கக்கோட்டுக்கு (விலாவில் நீளவாக்கில் ஓடும் மெல்லிய கோடு) கீழே புள்ளிகள் வரிசை பிடித்து ஓடும்.

நாக்கைத் தடவிப் பார்த்து, சொரசொரப்பு இருந்தால் ஸ்பாட்டட் என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. ஸ்பாட்டட்டின் நாக்கில் பல்திட்டு இருப்பது உண்மைதான். ஆனால் சில லார்ஜ்மவுத்திலும் அது தென்படும்.

ஒற்றை அடையாளத்தை நம்பி ஏமாந்தவர்களில் சாமானியர் அல்லாதவரும் இருக்கிறார். பிரெஞ்சு அறிஞர் லாசெபெட் 1802இல் ஸ்மால்மவுத்தை விவரித்தபோது அவர் கையில் இருந்த மீனின் முதுகுத் துடுப்பு பின்பக்கம் சிதைந்திருந்தது. பிரிந்து நின்ற சிறு துண்டைத் தனித் துடுப்பு என்று கருதி அதற்கேற்ப ‘சிறுதுடுப்பு’ என்று பொருள்படும் மைக்ரோப்டெரஸ் (Micropterus) என்ற பேரினப் பெயரை வைத்தார். அந்தப் பெயரைத்தான் லார்ஜ்மவுத் உட்பட இந்தக் கூட்டம் முழுவதும் இன்றும் சுமக்கிறது.

விரல் நீளக் குஞ்சுகளில் வாலைப் பாருங்கள். அடியில் ஆரஞ்சு, நடுவே கறுப்பு, ஓரத்தில் வெள்ளை என மூன்று நிறம் தெரிந்தால் ஸ்மால்மவுத்தாகவோ ஸ்பாட்டட்டாகவோ இருக்கும்.

எல்லா மீனும் ஏதாவது ஓர் இனத்துக்குள் அடங்கியே தீரும் என்று நினைப்பதும் தவறுதான். முன்பு ஸ்பாட்டட்டின் துணையினமாகக் கருதப்பட்ட அலபாமா பாஸ் 2008இல்தான் தனி இனமாக விவரிக்கப்பட்டது. தூண்டில்காரர்கள் அதைப் பிடித்துவந்து புது ஏரிகளில் விடுவதால் அங்குள்ள ஸ்மால்மவுத்துடனும் ஸ்பாட்டட்டுடனும் கலந்துவிடுகிறது. இந்த வேலையைச் செய்பவர்கள் மீன்பிடிப்பை நேசிப்பவர்களே என்பதுதான் எரிச்சலூட்டுகிறது. கலப்பினத்தில் ஒருவரின் தாடையும் இன்னொருவரின் புள்ளியும் சேர்ந்து வரலாம். அதை உறுதிசெய்ய மரபணுச் சோதனைதான் வேண்டும். கரையில் நிற்கும்போது அதற்கு வழியில்லை. எனவே அடையாளங்கள் ஒன்றோடொன்று ஒத்துவராத மீன் கையில் இருந்தால், கடுமையான விதி எந்த இனத்துக்கோ அந்த இனமாகவே அதைக் கணக்கில் வைத்து அளந்து பாருங்கள்.